கண்ணாத்தாளின் நிற அட்டவணை

பள்ளிபாளையத்துக் கண்ணாத்தாளுக்கு யாரிடமும் நயந்து பேச வராது. சாயப்பட்டறை லேபில் எட்டு வருடம் வேலை பார்த்தபோதே அங்கிருந்த மேனேஜர்கள் அவளிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வெளியூர்க்காரர் அனுப்பிய மாதிரித் துண்டின் நிறமும், பட்டறையில் சாயம் ஏறி வந்த துணியின் நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. ஒன்று என்றால் ஒன்று, இல்லை என்றால் இல்லை. கொஞ்சம் அனுசரித்துப் போகலாமே என்று யாராவது இழுத்தால், துணியை அவர் கையிலேயே கொடுத்து ஜன்னலோரம் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடுவாள். குலசாமியின் பேரை வைத்ததால்தான் இவளுக்கு இவ்வளவு ஆங்காரம் என்று லேபில் சொல்லிக்கொள்வார்கள். அது அவள் காதிலும் விழும்.

பட்டறையை மூடியபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கணவன் அன்பரசு விசைத்தறி ஓட்டுகிறவன். வேறு பட்டறைக்குப் போக அவளுக்கு மனமில்லை. ஈரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் வீடியோ எடிட்டிங் படித்தாள். வகுப்பில் எல்லாரும் அவளைவிடப் பத்து வயது சின்னவர்கள். படித்து முடித்ததும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த நவநீதகிருஷ்ணனின் கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவாள்.

அந்த ஸ்டுடியோவில் அப்போது மூன்று கேமராக்கள் இருந்தன. மூன்றும் மூன்று கம்பெனி. ஒன்றில் பட்டுப்புடவை அரக்காகத் தெரிந்தால் இன்னொன்றில் குங்குமச் சிவப்பாகத் தெரியும். கேமராக்காரர்கள் வெளிறிய சாம்பல் சாயலில்தான் படம் எடுத்து வருவார்கள். அப்படி எடுத்தால்தான் வெளிச்சத்திலும் நிழலிலும் இருப்பது எதுவும் தொலையாமல் பதியும். நிறத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம். அப்படி ஏற்றுவதற்கென்று ஓர் அட்டவணை உண்டு. இந்த அளவு சிவப்பும் பச்சையும் நீலமும் உள்ளே வந்தால், இந்த அளவு சிவப்பும் பச்சையும் நீலமும் வெளியே போகட்டும் என்று, வரிக்கு மூன்று எண்ணாக, முப்பத்தைந்தாயிரத்துச் சொச்சம் வரிகள். எடிட்டர்கள் அதை லட் என்பார்கள். பேச்சில் அது லட்டு ஆகிவிடும். ஸ்டுடியோவில் இருந்தவர்கள் நெட்டில் கிடைத்த ஏதோ ஒரு சினிமா லட்டை எல்லாக் கல்யாணத்துக்கும் போட்டுக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பூசிய தாலிக்கயிறு காப்பிக்கொட்டை நிறத்தில் தெரியும். வாழை இலை நீலம் பாரித்திருக்கும்.

கண்ணாத்தாளுக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. அட்டவணை என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. லேபில் ஒவ்வொரு துணி ரகத்துக்கும் எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று அவள் எழுதி வைத்ததும் இதுவும் ஒரே சங்கதி. பருத்திக்கு எழுதியதைப் பாலியெஸ்டருக்குப் போட்டால் நாசமாகும். அவள் கட்டம் கட்டமாக நிறங்கள் அச்சடித்த நிற அட்டை ஒன்றை வாங்கி, மண்டபம் மண்டபமாகப் போய், மூன்று கேமராவிலும் அதைப் படம் எடுக்கச் சொன்னாள். எந்தக் கேமரா, எந்த விளக்கு என்று பார்த்து, காலை முகூர்த்தத்துக்கு ஒன்று, டியூப்லைட் மண்டபத்துக்கு ஒன்று, மஞ்சள் விளக்கு மேடைக்கு ஒன்று என்று மூன்று வருடத்தில் பதினொரு லட் செய்தாள். அதற்குப் பிறகு எந்தக் கேமராவில் எடுத்தாலும் அரக்குப் புடவை அரக்காகவே இருந்தது. நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் என்று ஆட்கள் ஸ்டுடியோவைத் தேடி வந்தார்கள். நவநீதகிருஷ்ணன் அவளை ஒருநாளும் பாராட்டியதில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

விஷயம் தர்மபுரியிலிருந்து வந்த ஒரு போன் காலில் வெளிப்பட்டது. அங்கே ஒரு போட்டோகிராபர், ஸ்டுடியோவிலிருந்து வாங்கிய லட் தன் சாஃப்ட்வேரில் ஏறவில்லை என்று உதவி கேட்டார். நாங்கள் லட் விற்பதில்லையே என்றாள் இவள். அவர் அந்த ஃபைலை அனுப்பிவைத்தார். பெயர் ஆங்கிலத்தில் நவநீதகிருஷ்ணன் கோல்ட் என்றிருந்தது. லட் ஃபைலை நோட்பேடில் திறந்தால் சாதாரண எழுத்தாகப் படிக்கலாம். திறந்தாள். வெளியே பேரை மாற்றியவர்களுக்கு உள்ளே முதல் வரியிலும் ஒரு தலைப்பு இருக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. அங்கே அவள் டைப் அடித்தபடியே கண்ணாத்தாள் மண்டபம் 3 என்று இருந்தது.

நவநீதகிருஷ்ணன் யூடியூபில் வகுப்பு எடுத்திருப்பதையும் அன்றுதான் பார்த்தாள். தமிழ்நாட்டுத் தோல் நிறத்துக்காகப் பத்து வருடம் தானே உட்கார்ந்து உருவாக்கியது என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பின்னால் தெரிந்தது அவள் மேசை.

மறுநாள் காலை எல்லாரும் இருக்கும்போதே அவனிடம் கேட்டாள்.

"அண்ணா, அந்தப் பதினொண்ணும் நான் போட்டது."

"என்ற ஆபீஸ்ல, என்ற கம்ப்யூட்டர்ல உக்காந்து போட்டதுதானே? அப்பறம் அது எப்படி உன்றதாகும்?"

"உங்க ஆபீஸ் பேருல வித்தீங்க, செரி. பத்து வருசம் நீங்களே உக்காந்து பண்ணுனதா எதுக்குச் சொன்னீங்க?"

நவநீதகிருஷ்ணன் சிரித்தான். "கண்ணாத்தாள் லட்டுன்னு போட்டா எவன் வாங்குவான், சொல்லு பாப்போம். செக்குல ஆட்டுன எண்ணெய்னு நெனச்சுக்குவான்."

அறையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். கண்ணாத்தாள் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அன்று இரண்டு கல்யாணத்தை முடித்துக் கொடுத்தாள்.

வேலையை விட்டுவிடு என்றான் அன்பரசு. அவள் விடவில்லை. தான் போய்விட்டால் அந்த ஆளுக்கு நிம்மதியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நிம்மதியை அவனுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை. அவனும் அவளை அனுப்பவில்லை, அவள் இல்லாமல் வேலை ஓடாது. அதன்பின் இரண்டு மாதம் ஒரே அறையில் இரண்டு பேரும் பகையாளிகளாகவே இருந்தார்கள். அவள் அவனை அண்ணா என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். எதைக் கேட்டாலும் துண்டுச்சீட்டில் எழுதி வைத்தாள். அவன் அவள் மேசையைக் கக்கூஸ் பக்கம் மாற்றிப் போட்டான். புதிதாக லட் எதுவும் அவள் செய்யக்கூடாது, இருப்பதே போதும் என்றான். அவளும் செய்யவில்லை.

வைகாசியில் புதுக் கேமராக்கள் வந்தன. மூன்றும் ஒரே கம்பெனி, விலை உயர்ந்தவை. பெட்டியைப் பிரித்த அன்றே கண்ணாத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. பழைய கேமராக்களுக்குச் சிவப்பு மட்டு. அதனால் அவள் தன் அட்டவணையில் சிவப்பைத் தூக்கி எழுதியிருந்தாள். புதுக் கேமராவுக்கு அந்தக் குறை இல்லை. அதன்மேல் பழைய அட்டவணையைப் போட்டால் சிவப்பின் மேல் சிவப்பு ஏறும். கேமராக்காரன் மணிமாறன் அவளிடம் வந்து பழைய லட்டே இதற்கும் ஆகுமா என்று கேட்கவும் செய்தான்.

"ஓனரைக் கேளு. அவியதானே பண்ணுனாங்க" என்றாள்.

மணிமாறன் கேட்டான். அதெல்லாம் ஆகும் என்று நவநீதகிருஷ்ணன் சொல்லிவிட்டான்.

அடுத்த வாரமே செங்கோட்டையன் வீட்டுக் கல்யாணம். செங்கோட்டையன் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். மகள் மதுமதி பாங்கில் ஆபீசர். திருச்செங்கோடு ரோட்டில் பெரிய மண்டபம். முன்தின மாலை வரவேற்பு. மேடைக்கு எதிரே ஒன்று, சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று என்று மூன்று எல்ஈடி திரை வைத்து, மேடையில் நடப்பதை நேரடியாகக் காட்டினார்கள். கேமராவிலிருந்து திரைக்குப் போகும் வழியில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் லட்டை ஏற்றிவைத்தால், நேரலையிலேயே நிறம் ஏறிப் போகும். நவநீதகிருஷ்ணன் பழைய மண்டபம் 3 லட்டை ஏற்றியிருந்தான். சுருக்கத் தொகுப்பு ஒன்றை அங்கேயே உட்கார்ந்து செய்வதற்காகக் கண்ணாத்தாளையும் கூட்டி வந்திருந்தார்கள். அவள் மேடைக்கு இடது ஓரம், அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு இருந்தாள்.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறினார்கள். திரையில் மாப்பிள்ளை ஏதோ வெயிலில் நின்றவன்போல் இருந்தான், அவ்வளவுதான். மதுமதி மாநிறத்துக்கும் கீழே. அவள் முகம் திரையில் சுட்ட செங்கல்லாகத் தெரிந்தது. கன்னத்தில் தடிப்புத் தடிப்பாகச் சிவப்பு. கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக, மூன்று திரையிலும்.

 மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பொண்ணுக்கு உடம்புக்கு ஏதோ அலர்ஜி போல என்று மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி பக்கத்து நாற்காலியில் சொன்னது கண்ணாத்தாளுக்குக் கேட்டது. சிலர் செல்போனைத் தூக்கி மேடையை விட்டுத் திரையைப் படம் எடுத்தார்கள். நவநீதகிருஷ்ணன் லைட்காரனைத் திட்டினான்; பிறகு திரை வைத்தவனைத் திட்டினான்; திரையின் அளவுகளில் எதை எதையோ திருகினான், சிவப்பு இன்னும் கூடியது. சட்டை முதுகில் ஒட்ட அவன் ஓடுவதைக் கண்ணாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதத்தில் அன்றுதான் அவளுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. நன்றாக ஓடட்டும் என்று நினைத்தாள். பெட்டியில் லட்டை நிறுத்தும் பொத்தான் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அப்போது மதுமதி எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். மேக்கப் கலைந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றினாள். திரையில் ஒன்றும் மாறவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். மேக்கப் போட்ட பெண்ணைக் கூப்பிட்டாள், அவள் வந்து இன்னொரு பூச்சுப் பூசினாள், அது திரையில் காவியாகத் தெரிந்தது. மதுமதி அதையும் துடைத்தாள். வரிசையில் நின்றவர்கள் மொய்க்கவரைக் கொடுக்காமல் காத்து நின்றார்கள். சிரித்த முகத்தை வைத்தபடியே அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கண்ணாத்தாள் எழுந்து பொத்தானை அழுத்தினாள். திரை சாம்பலாக வெளிறியது. முகம் முகமாக வந்தது. கம்ப்யூட்டர் மூலையில் மணி ஏழு இருபத்தொன்று. பெண்ணும் மாப்பிள்ளையும் ஏழு பத்துக்கு மேடையேறியிருந்தார்கள்.

அவள் கை பெட்டிமேல் இருந்ததை நவநீதகிருஷ்ணன் பார்த்துவிட்டான். செங்கோட்டையன் மேடையிலிருந்து இறங்கி வந்ததும் அவள் பக்கம் கையை நீட்டினான். "இவதானுங்க வேணும்னே மாத்தி வெச்சுட்டா. என்ற மேல இருக்கற வஞ்சத்துல பண்ணிட்டாளுங்க."

செங்கோட்டையன் அவளிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "நீ மாத்துனயாம்மா?"

"மாத்துலீங்க. அது பழைய கேமராவுக்குப் போட்ட லட்டுங்க. புதுசுக்கு ஆகாதுங்க. பத்து வருசம் உக்காந்து பண்ணுனவியளுக்கு அது தெரிஞ்சிருக்கோணுமில்லீங்க."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் பாத்துட்டு இருந்தயா?"

 அவர் இரண்டு பேரையும் ஒரே மாதிரிப் பார்த்தார். காலையில் முகூர்த்தம் முடியும்வரை இவர்கள் இருவரும் என் கண்ணில் படக்கூடாது, மற்ற ஆட்கள் வேலையை முடிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாத்தாள் லேப்டாப்பை மூடி நவநீதகிருஷ்ணன் காலடியில் வைத்துவிட்டு, பஸ் ஏறி ஊருக்கு வந்தாள். அதோடு அவளுக்கு ஸ்டுடியோ வேலை முடிந்தது.

செல்போனில் எடுத்த துண்டுகள் ஊரெல்லாம் சுற்றின. அவளுக்கும் இரண்டு பேர் அனுப்பினார்கள். ஒன்றில் மதுமதி துடைக்கும் கை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அன்பரசு அதைப் பார்த்துவிட்டு, அந்த ஆள் பண்ணியது திருட்டு, நீ பண்ணியது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்றான். அவள் அவனோடு மூன்று நாள் பேசவில்லை.

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுமதி தன் கல்யாணத்தில் எடுத்த படம் முழுவதும் இருந்த ஹார்ட் டிஸ்க்கோடு பள்ளிபாளையத்து வீட்டுக்கு வந்தாள். அன்பரசு கொடுத்த தண்ணீரை வாங்கி வைத்தாள், குடிக்கவில்லை.

"உங்களை எனக்குப் புடிக்கலீங்க. மொதல்லயே சொல்லிடறேன்" என்றாள்.

"செரிங்க."

"அவரு முடிச்சு அனுப்புன வீடியோவப் பாத்தேன். அன்னிக்குச் செங்கல்லு. இப்ப சுண்ணாம்பு அடிச்சாப்ல வெச்சிருக்கறாரு. இந்த ரெண்டையும் தவிர எனக்கு ஒரு மூஞ்சி இருக்குது. அதைக் கொண்டார உங்களால ஆகுமா?"

ஆகும் என்றாள் கண்ணாத்தாள். கேமராவில் பதிந்தது எல்லாம் சாம்பல் சாயலில் கெடாமல் இருந்தது. சிவந்தது திரை மட்டும்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் நகல் வைத்திருந்த பழைய பதினொன்றில் ஒன்றை எடுத்து, ஏறிய சிவப்பைக் குறைத்து எழுதிப் புதுக் கேமராவுக்குப் பொருத்தினாள். அடுத்த ஞாயிறு மதுமதி வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். முகூர்த்தக் காட்சியில் நிறுத்தச் சொன்னாள். தன் முன்னங்கையை மானிட்டருக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

"இது நானில்லீங்க. ஒரு பிடி வெளுக்கத் தூக்கி வெச்சிருக்கறீங்க."

அங்கே மேடை விளக்கு, இங்கே டியூப்லைட், கையை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று கண்ணாத்தாள் சூடாகவே சொன்னாள். எட்டு வருடம் லேபில் இருந்தவளிடம் வந்து நிறத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று இருந்தது.

"லைட்டு மேல பழி போடாதீங்க. என்ற மொகத்தை இருபத்தெட்டு வருசமாப் பாக்கறேன்" என்றாள் மதுமதி. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனபிறகு கண்ணாத்தாள் நிற அட்டையை எடுத்து வைத்து, அதிலிருந்த நிறக் கட்டங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். சிவப்புக் கட்டம் சரி. பச்சை சரி. தோல் நிறத்துப் பழுப்பு மட்டும் இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலே, வெளுப்பாக வந்தது. புதிதாக நேர்ந்த பிழை அல்ல. பழைய பதினொன்றையும் திறந்து பார்த்தாள். பதினொன்றிலும் அப்படியே. இரண்டாம் வருடம் ஆத்தூர்க்காரர் ஒருவர் பெண் கறுப்பாகத் தெரிகிறாள் என்று சண்டை போட்டபோது, அவளே ஏற்றி எழுதியது. அடுத்தடுத்து வந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவளும் அதை மறந்துபோனாள். தமிழ்நாட்டுத் தோல் நிறம் என்று நவநீதகிருஷ்ணன் விற்ற அந்தப் பொய் அவளுடைய பொய்தான்.  ஆனாலும் மதுமதிமேல் வந்த கோபம் முழுக்க ஆறவில்லை. சரியாகச் சொல்லிவிட்டாள் என்பதால் அது கொஞ்சம் கூடியிருந்தது.

பழைய அட்டவணைகளை ஓரம் கட்டிவிட்டு, சீன் சீனாக, விளக்கு மாறும் இடத்தில் எல்லாம் நிறுத்திக் கையாலேயே நிறம் வைத்தாள். இருபது நாள் ஆயிற்று. மதுமதி வந்து ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தாள். "இது செரி" என்றாள். அவ்வளவுதான். டிஸ்க்கை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்ற அன்பரசுவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

அதன்பிறகு கண்ணாத்தாள் நான்கு மாதம் வேறு வேலை எடுக்கவில்லை. பதினொரு லட்டையும் முதலிலிருந்து திரும்பச் செய்தாள். கடன் வாங்கிய கேமராக்களில் அட்டையைப் படம் எடுத்தாள், மண்டபத்துக்காரர்களிடம் கெஞ்சாமல் கேட்டு விளக்கைப் போடச் சொன்னாள். கண்ணாத்தாள் மண்டபம் 1 முதல் 11 வரை என்று பேர் வைத்து, நெட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டாள். ஒவ்வொன்றோடும் ஒரு குறிப்பு: எந்தக் கேமரா, எந்த விளக்கு, எதற்குப் போட்டால் கெடும். தோலை வெளுக்கக் காட்டாது, அது வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள் என்றும் எழுதினாள். ஊருக்கு நல்லது செய்யவேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இல்லை. நவநீதகிருஷ்ணன் இனி ஒரு லட்கூட விற்கக்கூடாது, அதுதான் எண்ணம்.

அது நடந்தது. இரண்டு மாதத்தில் அவன் போன் செய்தான்.

"என்ற பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டயே."

"நீங்க பத்து வருசம் உக்காந்து பண்ணுனவிய. இன்னொரு பத்து வருசம் உக்காருங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவன் ஸ்டுடியோ மூடிப்போகவில்லை. ட்ரோன், ஆல்பம் என்று இன்றும் நன்றாகவே நடக்கிறது. கல்யாண மண்டபங்களில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். கண்ணாத்தாள் வீட்டிலிருந்தே மற்ற எடிட்டர்களுக்கு நிறம் மட்டும் வைத்துத் தருகிறாள். அவளிடம் வேலை கொடுப்பவர்களில் பாதிப்பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள். ஆனாலும் கொடுக்கிறார்கள்.

போன தை மாதம் செங்கோட்டையனே அழைத்தார். மகன் கவினுக்குக் கல்யாணம், கொண்டப்பநாயக்கன்பட்டியில் பெண் வீட்டார் பார்த்த மண்டபம். நிறத்தை நீ பார், ஆனால் மண்டபத்துக்கு வரவேண்டாம் என்றார். விளக்கைப் பார்க்காமல் செய்ய முடியாது என்றாள் இவள்.  "செரி, வா. ஓரமா இருந்துட்டுப் போயிரோணும்" என்றார் அவர்.

விடிகாலையில் போய், மேடையில் நிற அட்டையைப் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னாள். மதுமதி கைக்குழந்தையோடு அங்கே இருந்தாள். கண்ணாத்தாளைக் கண்டதும் நேரே கேமராக்காரனிடம் போய், என் பக்கம் எந்தக் கேமராவும் திரும்பக்கூடாது என்று சொன்னாள். இவளுக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள். மாப்பிள்ளையின் அக்கா அவள். செய்ய வேண்டிய சீர் எல்லாம் அவள் கையால்தான் நடந்தது. அத்தனையிலும் முதுகு மட்டும் தெரியும்படி நின்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளிபாளையத்தில் அந்தக் காட்சிகளைப் போட்டுப் பார்த்தபோது, மதுமதியைப் பொறுத்தவரை கண்ணாத்தாளுக்கு நிறம் வைக்கக் கிடைத்தது ஒரு பச்சைப் பட்டுப் புடவையும், பின்கழுத்தும், தட்டு ஏந்திய இரண்டு முழங்கைகளும்தான். நிறம் வைத்தாள். அன்பரசுவைக் கூப்பிட்டு, கழுத்து நிறம் சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றான். எப்படி இருந்தால் சரி என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அவனிடமும் சண்டைக்குப் போனாள்.